சென்னைப் பள்ளிக்குப் புதிதா? சேதியும் தேதியும் தவறாமல் இருக்க

மே மாதம் வீடு மாறி வந்து, ஜூனில் பிள்ளையைச் சென்னைப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட்டு, இனி யாரிடம் என்ன கேட்பது என்று நிற்கும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏதோ ஒரு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பப் பள்ளியில் வாசலில் கொண்டுபோய் விடும்போதே டீச்சர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். உயர்நிலைக்கு வந்தபிறகு அந்த வசதி கிடையாது. இரவு ஒன்பதரைக்கு ‘நாளைக்கு சார்ட் வேணும்’ என்று அழுத பிள்ளை வளர்ந்து, எதையுமே சொல்லாத பிள்ளையாகிவிடும். பையில் மடித்த சர்க்குலர் பையிலேயே கசங்கிக் கிடக்கும்.

சென்னைப் பள்ளிகளில் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே சேதி நாலு வழியாக வரும், நாலும் நாலு விதமாக இருக்கும். எந்தச் சேதி யாரிடமிருந்து வந்தால் நம்பலாம் என்பது பிடிபட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

எந்தப் பாடத்திட்டம், எந்த மாவட்டம்

முதல் வேலையாக இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாநிலப் பாடத்திட்டம் என்றால், அது மாநகராட்சிப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ மெட்ரிக்கோ, கல்வியாண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். சிபிஎஸ்இ பள்ளிகளில் பெரும்பாலும் ஏப்ரலிலேயே புது வகுப்பு ஆரம்பித்துவிடும். கொஞ்ச நாள் பாடம் நடத்தி, மே மாதம் லீவு விட்டு, ஜூனில் மறுபடி திறப்பார்கள். மூத்தவள் மெட்ரிக்கிலும் இளையவன் சிபிஎஸ்இயிலும் படிக்கிற வீட்டில் பரீட்சையும் லீவும் ஒன்றாக வராது. ஊருக்கு டிக்கெட் போடும் முன் இரண்டு பள்ளி காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜூன் திறப்புத் தேதி முதலில் சொன்னபடியே நிற்கும் என்றும் நம்ப வேண்டாம். வெயில் தணியவில்லை என்றால் தள்ளிவைப்பார்கள். 2023-ல் ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 1 என்று சொன்னது 7 ஆகி, அப்புறம் 12 ஆனது. 2024-ல் 6 என்றது 10 ஆனது. அதனால் முதல் அறிவிப்பைப் பார்த்த கையோடு ரிட்டர்ன் டிக்கெட் போட்டவர்கள் பலர் ஊரிலிருந்து அவசரப்பட்டுத் திரும்பினார்கள். மே கடைசி வாரம்வரை பொறுத்துப் பாருங்கள்.

அடுத்தது மாவட்டம். பேச்சில் எல்லாமே சென்னைதான். காகிதத்தில் அப்படி இல்லை. தாம்பரம், பல்லாவரம், கேளம்பாக்கம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர். குன்றத்தூர், மாங்காடு பக்கம் காஞ்சிபுரம். அம்பத்தூர், மதுரவாயல், ஆலந்தூர், சோழிங்கநல்லூர், மாதவரம், திருவொற்றியூர் பகுதிகள் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தவை. உங்கள் வீடு எதில் இருக்கிறது என்பதைவிடப் பள்ளி எதில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று மழைப் பேச்சு வரும்போது சொல்கிறேன்.

முதல் வாரத்து வேலைகள்

பள்ளி ஆபீஸில் கொடுத்த செல்போன் எண் சரிதானா என்று பாருங்கள். சேர்க்கைப் படிவத்தில் பழைய ஊர் எண்ணைக் கொடுத்திருப்போம், அல்லது வேலைக்குப் போகும் அப்பாவின் எண் மட்டும் இருக்கும். அவர் மீட்டிங்கில் இருக்கும்போது வரும் குறுஞ்செய்தி ராத்திரிதான் வீட்டுக்கு வந்து சேரும். யார் பகலில் போனைப் பார்ப்பாரோ அவர் எண்ணைக் கொடுங்கள். மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால், மாணவர் விவரமெல்லாம் எமிஸ் என்ற கல்வித் துறைப் பதிவேட்டில் இருக்கும். பழைய பள்ளியிலிருந்து டிசி வாங்கி வந்தால் மட்டும் போதாது. எமிஸ் எண்ணும் புதுப் பள்ளிக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். ‘மாத்தியாச்சா சார்?’ என்று ஜூன் மாதமே ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது. இலவச மிதிவண்டி, உதவித்தொகை, பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் எல்லாம் பிறகு அந்தப் பதிவை வைத்துத்தான் நகரும்.

அரசு அல்லது உதவி பெறும் பள்ளி என்றால் மாநகரப் பேருந்தில் இலவச பஸ் பாஸ் உண்டு. புதுப் பாஸ் கைக்கு வர நாளாகும். அதுவரை சீருடையைப் பார்த்தோ பழைய பாஸைப் பார்த்தோ ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு ஜூனும் அறிவிப்பு வரும். கண்டக்டர் கேட்டால் பிள்ளை தயங்காமல் பள்ளிப் பெயரைச் சொல்லப் பழக்குங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப். பெரும்பாலான வகுப்புகளுக்கு இரண்டு குரூப் இருக்கும். ஒன்று கிளாஸ் டீச்சர் வைத்திருப்பது. அதில் அவர் மட்டும்தான் எழுத முடியும். இன்னொன்று பெற்றோர் தாங்களாகவே ஆரம்பித்தது. முதல் குரூப்பில் வாரத்துக்கு நாலு செய்தி வந்தால் அதிகம். இரண்டாவதில் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது வரும். ‘நாளைக்கு கலர் டிரஸ்ஸா?’ என்று ஒருவர் கேட்க, ‘எனக்கும் தெரியணும்’ என்று பதினைந்து பேர் எழுதுவார்கள்; பதில் தெரிந்தவர் அந்த நேரம் சமையலில் இருப்பார். இதற்காகக் குரூப்பை விட்டு வெளியே வர வேண்டாம். ஹோம்வொர்க் போட்டோ, தொலைந்த லஞ்ச் பேக், வாடகை ஆட்டோவுக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும். சத்தத்தை அணைத்துவைத்துவிட்டு, மாலையில் ஒருமுறை மேலோட்டமாகப் பாருங்கள். தேதி சம்பந்தப்பட்ட எதையும் அங்கே படித்ததும் முடிவு செய்யாதீர்கள். டீச்சர் குரூப்பிலோ டைரியிலோ இருக்கிறதா என்று பார்த்த பிறகு காலண்டரில் குறியுங்கள்.

இன்னொரு இடம், இப்போது யாரும் திரும்பிப் பார்க்காதது: அறிவிப்புப் பலகை. ஆபீஸ் ரூமுக்கு வெளியே கண்ணாடிக் கதவு போட்டு இருக்கும். அதற்கு ஒரு குட்டிப் பூட்டு, சாவி கிளார்க் மேசை டிராயரில். உள்ளே குண்டூசி குத்திய தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று. அடியில் போன வருஷத்து ஃபீஸ் அறிவிப்பு மஞ்சளாகிக் கிடக்கும். அதன்மேல் யோகா தினம், அதற்கும் மேல் நேற்று குத்திய கட்டுரைப் போட்டி. ஃபீஸ் கட்டப் போகும்போது இரண்டு நிமிஷம் நின்று படியுங்கள். குரூப்பில் யாரும் ஃபார்வர்ட் செய்யாத நல்ல சேதிகள் அங்கேதான் இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்துதான் கேள்வி. தேர்வாகும் 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் உதவித்தொகை. அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மீதிக்குத் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் போட்டியிடலாம். தனியார் பள்ளிப் பெற்றோர் பலருக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. எட்டாம் வகுப்பில் அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். இரண்டுக்கும் விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். கடைசித் தேதி தாண்டிவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

யாரிடம் எதைக் கேட்பது

புதியவர்கள் எல்லாவற்றுக்கும் ஹெச்.எம். அறைக்குப் போய் நிற்பார்கள். அங்கே காத்திருந்து கிடைக்கும் பதில் ‘கிளாஸ் டீச்சரைக் கேளுங்க’ என்பதாகத்தான் இருக்கும்.

மார்க், லீவு லெட்டர், சீட்டு மாற்றுவது எல்லாம் கிளாஸ் டீச்சர். ஜோனல் மேட்ச், செலக்ஷன், எந்த மைதானம், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதெல்லாம் பி.டி. சாருக்குத்தான் தெரியும், பல சமயம் கிளாஸ் டீச்சருக்கே தெரியாது. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஏழு நாள் நடக்கும். அதற்குத் தனியாக ஒரு ஆசிரியர் பொறுப்பில் இருப்பார். சாரணர், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், என்.சி.சி. எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

பரீட்சை நாளில் பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமா? வேன் அண்ணாவைக் கேளுங்கள். காலையில் யாருக்குப் பரீட்சை, மதியம் யாருக்கு என்பதை வைத்துத்தான் அவருடைய டிரிப் கணக்கு. நேரம் மாறினால் டீசலும் மாறும் என்பதால் ஆபீஸில் கேட்டு உறுதி செய்யாமல் வண்டி எடுக்க மாட்டார். பள்ளி எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் நிறையத் தெரியும். ரெக்கார்டு நோட் எப்போது கேட்பார்கள், எந்த அளவு சார்ட், பிராஜெக்ட்டுக்கு எந்தப் படம் என்று நாலு பிள்ளைகள் வந்து கேட்டதுமே ஐந்தாவது பிள்ளைக்கு எடுத்துவைத்திருப்பார்.

அசையாத தேதிகள்

ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்க ஒரு பட்டியல் கேட்பீர்கள். வருஷா வருஷம் மாறாதவை குறைவுதான்.

ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள். கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுவார்கள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி இருக்கும். ஆகஸ்ட் 15 கொடியேற்றம். லீவு என்று நினைத்துத் தூங்கவிடாதீர்கள். மார்ச் பாஸ்ட், பாட்டு, என்.சி.சி. பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டும், மற்ற பிள்ளைகளையும் பல பள்ளிகளில் எதிர்பார்ப்பார்கள். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். பிளஸ் டூ பெண்கள் புடவை கட்டிக்கொண்டு கீழ் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கப் போவார்கள். வீட்டில் இருக்கும் நல்ல புடவை எது என்று ஆகஸ்ட் கடைசியிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும். நவம்பர் 14 குழந்தைகள் தினம், கலர் டிரஸ். சென்னையில் அந்த வாரம் மழை பெய்து பல வருஷம் கலர் டிரஸ் பீரோவிலேயே இருந்துவிடும். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் பள்ளியில் பொங்கல் வைப்பார்கள், பையன்களுக்கு வேட்டி. வெல்க்ரோ வேட்டி வாங்கிக் கொடுங்கள், பிள்ளை நிம்மதியாக இருப்பான். ஜனவரி 26 மறுபடி கொடி.

பரீட்சைகளில், காலாண்டு செப்டம்பரில் நடந்து விடுமுறை வரும். அரையாண்டு டிசம்பரில் நடந்து, கிறிஸ்துமஸை ஒட்டி முடிந்து, புத்தாண்டு கழித்துத் திறக்கும். இடையில் யூனிட் டெஸ்ட், மிட் டேர்ம் எல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். அதைப் பள்ளி டைரியின் முன்பக்கங்களில் பாருங்கள்.

பள்ளிக்கு வெளியே ஒன்று: சென்னைப் புத்தகக் காட்சி. 1977-ல் தொடங்கியது. இப்போது நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் பொங்கலை ஒட்டி நடக்கிறது. பள்ளிகளே பஸ் வைத்துக் கூட்டிப்போவதும் உண்டு. அப்படிப் போகும் நாளில் பிள்ளை கையில் கொஞ்சம் பணம் கொடுத்தனுப்புங்கள். என்ன வாங்கினான் என்று மாலையில் பார்த்தால் அவனைப் பற்றி நமக்குத் தெரியாத ஏதாவது தெரியவரும். அறிவியல் பக்கம் சாய்கிற பிள்ளை என்றால் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும், கொஞ்ச தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. பள்ளி கூட்டிப்போகக் காத்திருக்க வேண்டாம்.

மழை லீவு

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை சென்னைப் பெற்றோர் காலையில் எழுந்ததும் பார்ப்பது வானத்தை, அப்புறம் போனை.

லீவு விடுவது மாவட்ட ஆட்சியர். முந்தைய இரவே அறிவிப்பதும் உண்டு, விடிகாலையில் அறிவிப்பதும் உண்டு. டிவியில் கீழே ஓடும், அதற்குள் குரூப்பில் ஐந்து படங்கள் வந்துவிடும். அந்தப் படங்களை இப்படிப் பாருங்கள்.

முதலில் தேதி. போன வருஷத்துப் படம் இந்த வருஷம் புதுசாகச் சுற்றுவது சர்வ சாதாரணம். தேதி இல்லாத படத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாம். அடுத்து மாவட்டம். நான்கு மாவட்டங்களுக்கும் லீவு தனித்தனியாகத்தான் வரும். வேளச்சேரியில் வீடு, பல்லாவரம் தாண்டிப் பள்ளி என்றால், சென்னைக்கு விட்ட லீவு உங்கள் பிள்ளைக்கு இல்லை. மூன்றாவது, பள்ளிகளுக்கு மட்டுமா, பள்ளி கல்லூரி இரண்டுக்குமா என்பது. அண்ணன் கல்லூரிக்கும் தம்பி பள்ளிக்கும் போகும் வீட்டில் இது ஒரு பஞ்சாயத்து. நான்காவது, சில நாட்களில் ‘தண்ணீர் தேங்கிய இடங்களில் தலைமையாசிரியரே முடிவு செய்யலாம்’ என்று விட்டுவிடுவார்கள். அன்று ஆட்சியர் அறிவிப்பைத் தேடிப் பயனில்லை, பள்ளி அனுப்பும் செய்திதான் முடிவு.

தெரிந்த வேன் அண்ணா ஒருவர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். காலை ஆறேகாலுக்குப் போன் வரும். பின்னால் மழைச் சத்தம். “அக்கா, மெட்ராஸுக்கு லீவு உட்டாச்சு. உங்க ஸ்கூலு செங்கல்பட்டுல வருது, அங்க இன்னும் சொல்லல. பையன ரெடி பண்ணியே வைங்க, அரை மணில நானே கூப்பிடறேன்.” இதைவிடத் தெளிவாக எந்தச் சேனலும் சொன்னதில்லை.

லீவு விட்டதோடு கதை முடியாது. அந்த நாளை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அதற்கான அறிவிப்பில் எல்லோரும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள்: அன்று எந்தக் கிழமையின் டைம் டேபிள் என்பது. செவ்வாய்க்கிழமை பாட வேளை என்றால் செவ்வாய்க்கிழமைப் புத்தகங்கள், செவ்வாயன்று பி.டி. பீரியட் இருந்தால் அந்த யூனிபார்ம். சில தனியார் பள்ளிகள் மழை நாளில் ஆன்லைன் வகுப்பு வைத்துவிடும். கரண்ட் போன வீட்டில் அது எப்படி நடக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. கரண்ட் இல்லை என்று கிளாஸ் டீச்சருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

டிசம்பர் மழை பரீட்சையிலும் கைவைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னை தண்ணீரில் நின்றபோது அரையாண்டுத் தேர்வையே தள்ளிவைத்தார்கள். அப்படி நடந்தால் பழைய அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். இரண்டும் ஒரே சுவரில் இருந்தால் கணக்குப் பரீட்சைக்கு சயின்ஸ் படித்துக்கொண்டு போவார்கள். புத்தகம், நோட்டு நனைந்துபோயிருந்தால் பள்ளியில் சொல்லுங்கள். கேட்டால்தான் ஏற்பாடு நடக்கும்.

மேடையும் மைதானமும்

ஆண்டு விழா அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்று இருக்கும். பிள்ளை ஆடுகிறாள் என்றால் மதியம் இரண்டுக்கே மேக்கப்புக்கு வரச் சொல்வார்கள். சிறப்பு விருந்தினர் ஆறுக்கு வருவார். ஆண்டறிக்கை, பரிசளிப்பு, சிறப்புரை எல்லாம் முடிந்து உங்கள் பிள்ளையின் நடனம் எட்டரைக்கு. மூன்று நிமிஷம். ஆகவே மதியம் வயிறு நிறையச் சாப்பாடு, பையில் பிஸ்கட், தண்ணீர், டிரஸ் மாற்றிய பிறகு போட்டுக்கொள்ள சாதாரண உடை ஒன்று. விழாக்களில் பேசுகிறவர்கள் பத்து நிமிஷத்தில் முடித்தால் பின்மேடையில் தூங்கி விழும் குழந்தைகள் வாழ்த்துவார்கள் என்பது என் கருத்து.

டிரஸ் வாடகைக்கு எடுப்பது வழக்கம். பணத்தைக் கொடுக்கும் முன் அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திருப்பித் தர வேண்டும், சலங்கையும் நகையும் அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள். பரதத்துக்கான நகை மட்டும் வேண்டுமென்றால் மயிலாப்பூர் மாட வீதிகளில் கிடைக்கும். கண்காட்சிக்குச் சார்ட், அட்டை மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. விளையாட்டுச் சாமான் என்றால் நேரு ஸ்டேடியம் பக்கம் பெரியமேடு. இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் எல்லோருக்கும் லாபம்.

ஸ்போர்ட்ஸ் டேக்கு எந்த ஹவுஸ் என்று தெரிந்திருக்க வேண்டும். தனியார் பள்ளிகளில் சிவப்பு, நீலம் என்று நிறம் இருக்கும். அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற பெயரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிரித்திருக்கிறார்கள். பிள்ளையைக் கேட்டால் சட்டென்று சொல்வான். டி-ஷர்ட் மட்டும் நாம்தான் தேட வேண்டும்.

பள்ளிக்கு வெளியே நடக்கும் போட்டிகளின் படிநிலை புரிந்தால் லெட்டர் வரும்போது பதற்றம் இருக்காது. குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள், பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் எல்லாம் கீழ் நிலையில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டில் ஆரம்பித்தது. பறையிலிருந்து ஓவியம், நாடகம் வரை பிரிவுகள் உண்டு, அதுவும் பள்ளி அளவில் தொடங்கி மாநிலம்வரை போகும். முதல் சுற்றில் ஜெயித்த பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த சுற்றுத் தகவல் கடைசி நிமிஷத்தில்தான் வரும். ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நாலு எடுத்து ஒரு கவரில் எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

கூட்டங்கள்

பேரன்ட்ஸ் மீட்டிங் பெரும்பாலும் பரீட்சை முடிந்து பேப்பர் கொடுத்த பிறகு வரும் சனிக்கிழமையில். மார்க் பேசத்தான் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். உங்களுக்கு வாய்க்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் அடுத்த மூன்று மாதத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்பெஷல் கிளாஸ் எப்போது தொடங்கும், டூர் உண்டா, எதற்காவது பணம் கட்ட வேண்டியிருக்குமா. பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள், இருபது ரூபாயானாலும்.

அரசு, மாநகராட்சிப் பள்ளி என்றால் இன்னொரு வாசலும் இருக்கிறது. பலகையில் ‘சென்னை மேல்நிலைப் பள்ளி’ என்று எழுதியிருந்தால் அது மாநகராட்சி நடத்துவது. இங்கெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். 2024-ல் மறுசீரமைத்தபோது 24 உறுப்பினர் என்று வைத்து, முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். வார்டு கவுன்சிலரும் இருப்பார். கழிவறைத் தண்ணீர், உடைந்த பெஞ்ச், வாசலில் தேங்கும் மழைநீர் எல்லாம் இங்கே பேசினால்தான் பதிவாகும். அடுத்த கூட்டம் எப்போது என்று ஹெச்.எம்.மிடம் கேட்டுவிட்டு, உறுப்பினர் இல்லாவிட்டாலும் போய் ஒருமுறை பேசுங்கள். புதியவர்கள் பள்ளியைச் சீக்கிரம் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பள்ளியில் கேட்டும் பதில் கிடைக்காத விஷயத்துக்கு 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது.

பத்தும் பன்னிரண்டும் இருக்கும் வீடு

பிளஸ் ஒன் பொதுத் தேர்வு 2017-18-ல் வந்தது, 2025-26 முதல் இல்லை. ஆக இப்போது பத்தும் பிளஸ் டூவும்தான். பிள்ளைக்குப் பிளஸ் ஒன் முடித்த அக்கா யாராவது இருந்தால் பழைய கதையைச் சொல்லிக் குழப்புவாள், கவனம்.

அட்டவணை பல மாதம் முன்பே வந்துவிடும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் வருவது நாமினல் ரோலில். தேர்வுத் துறைக்குப் போகும் பெயர்ப் பட்டியல் அது. பள்ளியில் ஒரு பிரிண்ட் காட்டிக் கையெழுத்து கேட்பார்கள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவசரமாகக் கையெழுத்துப் போடும் வேலை இல்லை இது. பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், இனிஷியல் முன்னாலா பின்னாலா, அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, படம், எடுத்த பாடங்கள், செல்போன் எண். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் ஒரு எழுத்து தப்பினால் பாஸ்போர்ட்வரை துரத்தும்.

ஜனவரியில் ரிவிஷன் தேர்வுகள், அப்புறம் பிராக்டிக்கல், மார்ச்சில் பொதுத் தேர்வு. பிராக்டிக்கலுக்கு முன் ரெக்கார்டு நோட்டில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கியாயிற்றா என்று ஒருமுறை புரட்டுங்கள். பழைய வினாத்தாள் வேண்டுமென்றால் மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் போடும் வினா வங்கிப் புத்தகம் உண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வளாகத்தில் கிடைக்கும். பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஆட்டோக்காரரிடம் டிபிஐ என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் வண்டி கிளம்பும்.

ஃபேர்வெல் பிப்ரவரியில் இருக்கும். புடவை, பிளேசர், போட்டோ என்று செலவு ஏறும். எவ்வளவு வரை என்று முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள்.

மே மாதம் ரிசல்ட். பதிவெண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து இணையத்தில் பார்க்கலாம். பள்ளியில் கொடுத்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவும் வரும். காலையில் இணையதளம் திணறினால் பதற வேண்டாம், டிஜிலாக்கரிலும் கிடைக்கும். அன்று குரூப்பில் யார் எவ்வளவு என்று கேட்கும் ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. விடைத்தாள் நகல், மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கத் தருவது சில நாட்கள்தான். ரிசல்ட்டைப் பார்த்த கையோடு திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ ரயில் ஏறுவதாக இருந்தால், கடைசித் தேதி என்ன, பள்ளி வழியாகவா இணையத்திலா என்று ஆபீஸில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.